கோதையும் கோடைக்காற்றும்

ஆண்டாள் அவதரித்தது ஆடிப்பூரத்தில். துளசிச் செடியடியில் கிடக்கும் குழந்தையை விஷ்ணுசித்தர் குனிந்து எடுக்கிற படம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும். காலண்டரில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், பால்கோவா கடைச் சுவரிலும் இருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு இலைகூட அசையவில்லை என்பது சில வருடங்களுக்கு முன்புதான் உறைத்தது. ஆழ்வாரின் மேல்துண்டு தோளில் ஒட்டியபடி இருக்கிறது. துளசி நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் வாழை இலைகள் கிழியாமல், விருந்துக்கு நறுக்கி வைத்த மாதிரி இருக்கின்றன.

ஆடி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இலை அசையாத ஒரு நாளை நான் கண்டதில்லை. மேற்கே மலை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வரும். நாங்கள் அதை மேகாத்து என்போம். மண்ணை அள்ளும், மொட்டை உதிர்க்கும், ஈரத்தை உறிஞ்சும். 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்று சொன்னவன் இந்த மலையடிவாரத்தில் கொஞ்ச நாளாவது குடியிருந்திருப்பான். பழந்தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. காதலுக்குத் தென்றலையும் பிரிவுக்கு வாடையையும் நம் விமர்சகர்கள் விடாமல் எடுத்துக்கொண்டார்கள். கோடையை வெயில்காலத்துக்கான பெயராக மட்டும் வைத்துக்கொண்டு, அது ஒரு காற்று என்பதையே பலர் மறந்துவிட்டார்கள்.

கோதை கண்டெடுக்கப்பட்டது கோடை வீசும் மாதத்தில். தமிழின் மிகப் பெரிய கவிகள் இருவரை ஒரு தோட்டம் வளர்த்தது. அந்தத் தோட்டம் காற்றுக்கு எப்படித் தாக்குப்பிடித்தது என்று நம் இலக்கிய வாசிப்பு ஒருமுறையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் தோட்டம் அழிந்த பிறகுதான் கேட்டேன்.

*

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலைத் தாண்டி, மேற்கே வயல்வெளி பார்த்த மாதிரி எனக்கு இருபது செண்ட் இடம் இருக்கிறது. ஏறக்குறைய 90 அடிக்கு 95 அடி. ஓய்வு பெற்றபின் பெரியாழ்வார் பாடிய பூக்களையெல்லாம் அங்கே வளர்க்க வேண்டும் என்று ஆசை. பாசுரத்துக்குப் பாசுரம் பட்டியல் போட்டு, நர்சரிக்குப் போய் ஆறடி உயரச் செண்பகக் கன்றுகளை வாங்கி வந்தேன். சின்னதாக வாங்கினால் பூக்கும்வரை நான் இருப்பேனோ என்னவோ என்ற அவசரம்.

காற்றுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான் தெரிந்தது. மேற்குப் பக்கம் ஹாலோ பிளாக் வைத்து ஆறடிக்குச் சுவர் எழுப்பினேன். கன்றுகளுக்குக் கழுத்தளவில் கம்பு நட்டு, சணல் கயிற்றால் இறுகக் கட்டினேன். அந்த ஆடியில் மல்லிகை மொட்டுகள் காம்போடு கொட்டின. செண்பகம் இரண்டும் கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே முறிந்தன. சுவருக்குப் பக்கத்தில் இருந்த செடிகள்தான் அதிகம் அடிபட்டிருந்தன. வெட்டவெளியில் நின்ற நந்தியாவட்டை பரவாயில்லாமல் இருந்தது. இது எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற பாட்டி சுவரையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏய்யா, இதக் கட்டச் சொன்னது யாரு?"

"நானாத்தான் கட்டுனேன் பாட்டி. காத்து வருதுல்ல."

"காத்த மறிச்சா அது ஏறிக் குதிக்கும்யா. சலிச்சு விடணும். சல்லடை மாதிரி."

பாட்டி சொன்னதைத்தான் காற்றுத்தடுப்பு பற்றிய வேளாண் நூல்களும் சொல்கின்றன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இடைவெளியே இல்லாத சுவரில் மோதும் காற்று அதன் மேல் ஏறி, மறுபக்கம் சுழன்று விழும். சுவரின் நிழலில் நிற்கிற செடிக்கு அந்தச் சுழல்தான் எமன். ஏறக்குறைய பாதிக் காற்றை உள்ளே விடுகிற தடுப்பு நல்லது. நுழைகிற பாதி, மேலே ஏறுகிற மீதியைக் கீழே இழுக்காமல் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும். ஆறடி வேலி என்றால் அறுபது அடி. என் தோட்டத்தின் 90 அடிக்கு அது போதாது, நடுவில் இன்னொரு வரிசை வேண்டும். கம்பு விஷயத்திலும் தப்பு என் பக்கம்தான். இளங்கன்று ஆடி ஆடித்தான் அடித்தண்டு தடிக்கும், வேர் பிடிக்கும். கழுத்தில் கட்டிவிட்டால் காற்றின் பாரம் முழுக்கக் கட்டின இடத்தில் இறங்கி அங்கேயே ஒடியும். கம்பு வேண்டுமென்றால் முழங்கால் உயரத்தில், தளர்வாகக் கட்ட வேண்டும். ஆறடிக் கன்றைவிட ஓரடிக் கன்று பிழைக்கும்.

*

சுவரின் மேல் மூன்று வரிசைக் கல்லை எடுத்துவிட்டேன். சுவருக்கு வெளியே நொச்சியும் ஆடாதொடையும், உள்ளே கிளுவைப் போத்தும் நட்டேன். அவை வளரும்வரை ஐம்பது சதவீத நிழல்வலையைக் கழிகளில் கட்டினேன். நிழலுக்காக விற்கிறார்கள், அதுவே காற்றைச் சலிக்கவும் உதவுகிறது. நட்டது ஐப்பசியில். ஆடிப்பட்டம் விதைப்புக்கு. மலைமறைவில் இருக்கிற எங்களுக்கு நிறைய மழை தருவது வடகிழக்குப் பருவம்தான். ஐப்பசியில் ஊன்றினால் அடுத்த ஆடிக்குள் வேருக்கு ஒன்பது மாதம் கிடைக்கும்.

நொச்சிக்கு நடுவில் நின்றபோதுதான் நான் பாடம் படித்த நொச்சி நினைவுக்கு வந்தது. புறத்திணையில் மதிலைக் காப்பதற்குப் பெயர் நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலையில் அதற்குத் தனிப் படலமே உண்டு. மதில் காப்பவன் நொச்சிப் பூவைச் சூடுவான் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். ஏன் நொச்சி என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நொச்சி வேலிச்செடி. வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஆடு வாய் வைக்காது, மெல்லிய இலை காற்றுக்கு வளைந்து கொடுக்கும். வீட்டைச் சுற்றி நிற்கிற செடியின் பெயரையே கோட்டையைச் சுற்றி நிற்கிற வீரத்துக்கும் வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். புறநானூற்றின் 272ஆம் பாடலில் மோசிசாத்தனார் நொச்சியிடமே பேசுகிறார். பெண்கள் அணிகிற தழையும் மதில் காப்பவன் தலையில் சூடுகிற பூவும் ஒரே மரத்திலிருந்து வருவதுதான் அவருக்கு வியப்பு. வேலியோரம் வாழாதவருக்கு அந்த வியப்பு வந்திருக்காது.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் தமிழில் எங்கு திரும்பினாலும் வேலி தெரிகிறது. வேலிப்பருத்தி என்று ஒரு கொடிக்குப் பெயர். தஞ்சைப் பக்கம் நில அளவுக்கே வேலி என்று பெயர். ஒரு வேலி 20 மா, சுமார் 6.67 ஏக்கர். 'கா' என்றால் சோலை, 'கா' என்றால் காப்பாற்று. வள்ளுவர் உழவு அதிகாரத்தில் (1038) உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று ஆரம்பித்து, களை எடுத்தபிறகு தண்ணீர் பாய்ச்சுவதைவிடக் காவல் நல்லது என்று முடிக்கிறார். தண்ணீருக்கு அல்லாடுகிற நாட்டில் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

*

இனி பெரியாழ்வார். 8, 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். வடபத்ரசாயிக்குத் தினமும் மாலை கட்ட வேண்டும் என்பதே அவர் ஏற்றுக்கொண்ட வேலை. இது சாதாரண வேலை இல்லை. பண்டிகைக்குப் பண்டிகை பூக்கிற தோட்டம் போதாது. வருடம் முழுக்க, ஆடியிலும் சித்திரையிலும், கசங்காத பூ கைக்கு வர வேண்டும். ஒரு நாள் காற்றடித்து மொட்டு உதிர்ந்தால் மறுநாள் சாமிக்கு மாலை இல்லை.

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் ஏழாம் திருமொழி பூச்சூட்டல். யசோதை கண்ணனைப் பூச்சூட அழைக்கிறாள். பாட்டுக்கு ஒரு பூவாக வரும்: செண்பகம், மல்லிகை, பாதிரி, தவனம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி. இதை மரபான பூப்பட்டியல் என்று தள்ளிவிட்டுத் தாய்மையைப் பேசுவதே நம் வழக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். பட்டியலை மண்ணில் நட்டுப் பார்த்தவனுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. புன்னை கடற்கரை மரம், உப்புக்காற்றையே தாங்குவது. பாதிரியும் உயர்ந்து நிற்கும் மரம். குருக்கத்தி முரட்டுக் கொடி; அதன் விதைக்கு இறக்கை உண்டு, காற்றிலேயே பரவும். மல்லிகை, இருவாட்சி, தவனம் தாழ்ந்தவை. செங்கழுநீருக்குக் குளம் வேண்டும். செண்பகம்தான் இதில் செல்லப்பிள்ளை, அதற்கு ஈரமும் மறைவும் தேவை. எங்கள் ஊருக்கு மேற்கே மலை மடிப்புக்குள் இருக்கிற இடத்துக்குப் பெயர் செண்பகத்தோப்பு. செண்பகம் எங்கே பிழைக்கும் என்று ஊர்ப்பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை வயல்வெளியில் நட்டேன்.

உயர்ந்தது வெளியே, கொடி அதைப் பற்றி, தாழ்ந்தது உள்ளே, செல்லப்பிள்ளை நடுவில். காற்றடிக்கிற இடத்தில் தோட்டம் போடுகிறவர் வைக்கிற அடுக்கு இது. ஆழ்வார் பாட்டில் அப்படியே அடுக்கியிருக்கிறார் என்று சொல்லமாட்டேன், பாட்டின் வரிசை அதுவல்ல. இது ஒரு குழந்தைக்கான பாட்டு, நடவுக் கையேடு இல்லை. ஆனால் அந்த அடுக்குக்கு வேண்டிய எல்லாமே அவர் கையில் இருந்திருக்கிறது.

பூச்சூட்டலுக்கு அடுத்த திருமொழி எது என்று பாருங்கள். காப்பிடல். அந்திப்பொழுதில் குழந்தையைக் கூப்பிட்டுக் கண்ணேறு படாமல் காப்பு வைக்கிற பாட்டு. பூ பூத்தவுடன் அவருக்கு பயம் வந்துவிடுகிறது. மதுரையில் பாண்டியன் அவையில் வென்று யானைமேல் வரும்போது பெருமாள் கருடன்மீது காட்சி தந்தார், ஆழ்வாரோ வரம் கேட்காமல் அந்தப் பெருமாளுக்கே பல்லாண்டு பாடினார் என்பது வரலாறு. உலகத்தைக் காப்பவனுக்கே காப்பு. வைணவ உரையாசிரியர்கள் இதற்குப் பரிவு என்று பெயர் வைத்தார்கள். அன்பு முற்றியதால் காப்பவன் யார், காக்கப்படுபவன் யார் என்பதே ஆழ்வாருக்குத் தலைகீழாகிவிட்டது என்பார்கள். அருமையான விளக்கம். ஆனால் அந்தப் பரிவு எங்கே பழகியது என்று அவர்கள் சொல்லவில்லை. யானைமேல் ஏறிய அன்றைக்குத் திடீரென்று வந்ததா?

தினமும் விடியலில் போய், நேற்றிருந்த மொட்டு இன்றைக்கு இருக்கிறதா என்று பார்த்தவர் அவர். நன்றாக இருக்கிறதைப் பார்த்தால் சந்தோஷத்தோடு பயமும் வரும். என் மல்லிகை முதல்தடவை பூத்த அன்று நான் வாசனை பிடிக்கவில்லை, மேற்கே மலையைத்தான் பார்த்தேன். பல்லாண்டை ஒரு தோட்டக்காரரின் பாட்டாக வாசித்தால் அதன் இறைமை ஒன்றும் குறையாது. அதற்கு ஒரு மண்ணும் ஒரு மாதமும் கிடைக்கும், அவ்வளவுதான்.

*

மகளும் அந்தத் தோட்டத்தில்தான் வளர்ந்தாள். நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களில் விமர்சகர்கள் அதிகம் பேசியது விரகத்தையும் உடலையும். பேச வேண்டியதுதான். நான் பத்தாம் திருமொழிக்குப் போகிறேன். அதில் அவள் தன்னை வாட்டுகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறாள். முதலில் நான்கு செடிகள்: கோடல், தோன்றி, கோவை, முல்லை. உரைகாரர்கள் கோடலை வெண்காந்தள் என்றும் தோன்றியைச் செங்காந்தள் என்றும் சொல்வார்கள். பிறகு குயில், மயில், மழை, கடல்.

நான்கு செடியும் கொடி. காந்தள் இலை நுனியைச் சுருட்டி எதையாவது பிடித்து ஏறும், கோவையும் முல்லையும் அப்படித்தான் பற்றிப் படரும். மாலைக்கு ஆன மல்லிகையையும் செண்பகத்தையும் அவள் இங்கே கூப்பிடவில்லை. காந்தளும் கோவையும் யாரும் நட்டு வளர்த்தவை அல்ல. வேலியில் தானாக முளைத்து, கிளுவையையோ நொச்சியையோ பற்றிக்கொண்டு, கார்காலத்தில் பூத்துக் காய்ப்பவை. அப்பா வைத்த செடிகளை விட்டுவிட்டு, ஓரத்தில் தானாக வந்த செடிகளோடு பேசுகிறாள் மகள். துளசியடியில் தானாக வந்தவள் அவள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கோவையையும் முல்லையையும் பெண்களாகவே மரியாதையோடு விளிக்கிறாள். அவள் எந்த வேலியைப் பார்த்துப் பாடினாள் என்று யாருக்குத் தெரியும்? கார்காலத்தில் எங்கள் ஊர் வேலியோரம் நடந்தால் அந்த நாலு பேரும் இன்றும் கண்ணில் படுவார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே ஒரு பழைய உவமையைத் தள்ளிவைக்கலாம். பெண் கொடி, ஆண் கொழுகொம்பு என்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறோம். பாரி முல்லைக்குத் தேர் தந்த கதையைக்கூட வள்ளலின் பெருமையாகத்தான் கேட்டிருக்கிறோம். முல்லைக்கு வேண்டியிருந்தது ஒரு பிடி. அது தேராக இருந்தால் என்ன, கிளுவையாக இருந்தால் என்ன? வேலியில் ஏறிய கோவை, வேலியைவிட உயரமாகப் போய்க் காற்றில் ஆடும். அதை வேலி அடைத்துவைத்திருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

*

நவீன இலக்கியத்துக்கு வேலி என்றாலே கெட்ட வார்த்தை. வேலி என்றால் ஜாதி, வரப்புத் தகராறு, பெண்ணுக்குப் போட்ட கட்டு. வேலி தாண்டினால் விடுதலை. நானே அப்படி ஒரு கட்டுரை எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. முள்கம்பிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு வேலி என்ன என்று நான் பாடம் எடுக்க முடியாது. நான் செய்த தவறு, சுவருக்கும் வேலிக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியது. முன்னது மறிக்கிறது, பின்னது சலிக்கிறது. விமர்சனத்தில் அந்த வித்தியாசம் தெரியாததால்தான் தோட்டத்திலும் நான் சுவர் கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. மறைவு என்றால் எனக்கு மனதில் வந்த ஒரே உருவம் அடைப்பு.

சுந்தர ராமசாமி இந்த விஷயத்தில் கூர்மையாக இருந்திருக்கிறார். 1966இல் வந்த 'ஒரு புளியமரத்தின் கதை'யில் புளியமரத்தையே எல்லோரும் பேசுகிறோம். அதற்குள் ஒரு காற்றாடி மரத் தோப்பும் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு அங்கே பூங்கா வைக்கிறார்கள். நவீனமயமாக்கலின் அபத்தம் என்று அதை வாசித்தோம், சரிதான். ஆனால் நாவலின் ஊர் நாகர்கோவில். பக்கத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய், இன்றைக்குக் காற்றாலைகள் வரிசையாக நிற்கிற பாதை. அப்படிப்பட்ட ஊரில் காற்றாடித் தோப்பை எடுத்துவிட்டுப் பூச்செடி வைப்பது என்பது, பூவைக் கேட்டு அதன் காவலை வெட்டுவது. நான் அந்த அத்தியாயத்தைப் பலமுறை படித்தவன். படித்தும் என் இருபது செண்டில் அதையே செய்தேன்: அங்கே முன்பே நின்ற இரண்டு வேம்பையும் கற்றாழை வரிசையையும் 'இடத்தைச் சுத்தம் பண்ணுங்க' என்று சொல்லி அப்புறப்படுத்திவிட்டுத்தான் செண்பகம் வைத்தேன்.

வேலிக்கும் எச்சரிக்கை வேண்டும். வேலிகாத்தான் என்று பெயர் வாங்கிய சீமைக்கருவேலம் என்ன செய்தது என்று விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்பது எங்களுக்கு உவமை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்யாவிட்டால் என் நொச்சியும் அடர்ந்து சுவராகிவிடும். கிளுவையின் வேரும் மல்லிகையின் தண்ணீரில் பங்கு கேட்கும். ஐந்தாறு அடி தள்ளித்தான் மல்லிகையை வைக்க வேண்டியிருக்கிறது. காவலுக்கு ஒரு விலை உண்டு, அதை இடமாகவும் உழைப்பாகவும் கொடுக்க வேண்டும்.

*

இப்போது கோயில் நந்தவனம் இரண்டு சன்னிதிகளுக்கு நடுவில், மதிலுக்குள் இருக்கிறது. சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்டது. 11 நிலைக் கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது. ஆடிப்பூரத்துக்குக் கூடுகிற கூட்டத்தில் நின்று அந்தத் துளசியைப் பார்க்கும்போது மேகாத்து அவ்வளவாகத் தெரிவதில்லை. படம் வரைந்தவர்கள் இங்கே வந்து பார்த்துத்தான் வரைந்தார்களோ என்னவோ. தேரோட்டம் முடிந்து மடவார் வளாகம் பக்கம் நடந்தால், வீடுகள் குறைகிற இடத்தில் காற்று முகத்தில் அறையும்.

வளாகம் என்றால் சூழப்பட்ட இடம், மடவார் என்றால் பெண்கள். இந்தப் பெயரை இத்தனை வருடம் ஒரு பஸ் நிறுத்தமாகத்தான் உச்சரித்திருக்கிறேன். பெண்களைச் சூழ்ந்து நின்றது சுவரா வேலியா என்று பெயர் சொல்லவில்லை.

போன ஆடியில் பாட்டி வந்து பார்த்தாள். நொச்சி நெஞ்சளவு வந்திருந்தது. நடுவரிசையில் அகத்தி தலைக்கு மேலே போயிருந்தது. அதற்குள்ளே இம்முறை ஓரடிக் கன்றாக வைத்த செண்பகம், கம்பு இல்லாமல், ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் வேலியில் கை வைத்து இலைகளுக்கிடையே காற்று வருகிறதா என்று பார்த்தாள். வந்தது.

"இப்பச் சரி. பூத்தா எனக்கும் ரெண்டு குடுய்யா" என்றாள்.

"உங்களுக்கில்லாமலா பாட்டி" என்றேன். சொல்லிவிட்டு, வழக்கம்போல மலையைப் பார்த்தேன்.